பதினோரு கிளிப்புகள்

இருபத்தைந்து வருடம் சேர்ந்து குடித்தனம் பண்ணிய இரண்டு பேரைப் பூச்செடிகளுக்கு நடுவே நிறுத்தி, "முதல் தடவையா பாத்துக்கிற மாதிரி பாருங்க சார்" என்றால் அவர்கள் என்னதான் செய்வார்கள்? அவர் அவளைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு பெரிதாக ஒரு தும்மல் போட்டார். பூ வாசனை அவருக்கு ஒத்துக்கொள்ளவில்லை.

"பரவாயில்ல சார், இன்னொரு தடவை" என்றான் போட்டோகிராபர்.

அவளுக்கோ நெருப்பின் மேல் நிற்பது போல இருந்தது. மணி நாலேகால் ஆகிவிட்டது. நாலரைக்கு அவளுக்கு ஒரு போன் வரும். எடுத்து, "வர்றேன்" என்று ஒரே ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். ஐந்து மணிக்குள் சொல்லாவிட்டால் அந்த வேலை பட்டியலில் அடுத்த ஆளுக்குப் போய்விடும். அந்தப் போன் நூறு அடி தள்ளி, வாசல் கவுண்டரில், முப்பத்தெட்டாம் நம்பர் மரப்பெட்டிக்குள் பூட்டிக் கிடந்தது.

பூட்டி வைத்தது யாரென்றால், அந்தப் பூத்தோட்டத்துக்காரர்கள். தோட்டம் என்று பேருக்குத்தான். வருடத்தில் மூன்று வாரம் மட்டும் கார் நிறுத்துகிற மைதானத்தில் மண்ணைக் கொட்டி, பூச்செடிகளைத் தொட்டியோடு கழுத்துவரை புதைத்து வைப்பார்கள். மேலே பார்த்தால் மண்ணில் முளைத்து வளர்ந்த மாதிரியே இருக்கும். கல்யாண ஜோடி, வயிற்றுப் பிள்ளைக்காரி, பட்டம் வாங்கிய பிள்ளைகள் என்று ஊரே படம் எடுக்க வரும். உள்ளே அவர்களுடைய போட்டோகிராபர்தான் எடுக்க வேண்டும். வந்தவர்கள் போனில் எடுத்துக்கொண்டால் அவர்கள் பிழைப்பு என்ன ஆவது? அதனால் போன்களையெல்லாம் வாங்கிப் பெட்டியில் பூட்டிவிட்டு, குடும்பத்துக்கு ஒரு டோக்கன் கொடுக்கிறார்கள். அந்த டோக்கன் அவருடைய சட்டைப் பையில் இருந்தது. வேறு எங்கே இருக்கும்?

ஏற்பாடெல்லாம் மகளுடையது. அப்பா அம்மாவின் இருபத்தைந்தாவது கல்யாண நாளுக்கு அவள் தரும் பரிசு. மூன்று மணிக்கு என்றுதான் சொன்னாள். மூன்றரைக்கு முடிந்துவிடும், நாலரைக்குள் எங்காவது ஓரமாய் நின்று பேசிவிடலாம் என்று அம்மாக்காரி கணக்குப் போட்டிருந்தாள். ஆனால் முன்னால் இருந்த குடும்பத்தில் ஒரு வயதுக் குழந்தையைச் சிரிக்க வைக்க வேண்டியிருந்தது. ஆறு பெரியவர்கள் குரங்கு மாதிரி குதித்தார்கள், நாய் மாதிரி குரைத்தார்கள், தாத்தா பல்செட்டைக்கூடக் கழற்றிக் காட்டினார். அது ஒரு மணி நேரம் உர்ரென்றே உட்கார்ந்திருந்தது. குழந்தையின் பிடிவாதத்தில் இவள் பிழைப்பு மாட்டிக்கொண்டது.

பிழைப்பு என்றேன், அதைச் சொல்லிவிடுகிறேன். கல்யாணத்துக்கு முன் அவள் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தவள். மகள் பிறந்ததும் நிறுத்தினாள். நிறுத்தினாள் என்ன, "இனிமே வரமாட்டா" என்று அவர் போய்ச் சொல்லிவிட்டு வந்தார். பத்தொன்பது வருடம் கழித்து, பக்கத்துத் தெருக் கூடத்தில் காலை ஆறிலிருந்து பத்து வரை ஊசி போட்டு ரத்தம் எடுக்கிற வேலைக்கு மட்டும் அனுமதி கிடைத்தது. அங்கே மருந்து அலமாரிக்குப் பின்னால் நின்றுகொண்டு, யாருக்கும் தெரியாமல், ஆறு மணி நேர ரயில் தூரத்தில் இருக்கிற பெரிய ஆஸ்பத்திரி ஒன்றுக்கு வீடியோவில் நேர்காணல் கொடுத்தாள். தேர்ந்தெடுத்துவிட்டார்கள். ஆய்வகத்துக்குப் பொறுப்பாளர். கீழே எட்டுப் பேர். தங்க ஓர் அறை. மைக்ராஸ்கோப்பில் மறுபடி கண் வைக்கலாம் என்று நினைத்தபோது அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

அவரை விட்டுப் போக வேண்டும் என்றெல்லாம் அவள் நினைக்கவில்லை. நல்ல மனுஷன். குடி கிடையாது, கை ஓங்கியது கிடையாது. ஒரே ஒரு பழக்கம். அவளிடம் கேட்கிற கேள்விக்கெல்லாம் அவரே பதில் சொல்வார். டாக்டர் "எங்க வலிக்குது?" என்று கேட்டால் "அவளுக்கு இடது பக்கம் டாக்டர்" என்பார். அவளுக்கு வலது பக்கம் வலித்துக்கொண்டிருக்கும். மூன்று நாளாக அவள் விஷயத்தைச் சொல்ல வாயைத் திறந்தாள். "ஒரு வேலை வந்திருக்கு..." என்று தொடங்கியதும், "உனக்கு எதுக்கும்மா அலைச்சல்? அதான் காலையில போறியே, போதாதா" என்று முடித்துவிட்டார். அத்தோடு பேச்சு நின்றுவிட்டது. முதலில் சரியென்று சொல்லிவிடுவது, பிறகு வீட்டில் வருகிற புயலைப் பார்த்துக்கொள்வது என்று இன்று காலை குளிக்கும்போதுதான் முடிவு செய்தாள்.

புயலுக்கு முன்னால் கவுன் வந்தது. தோட்டத்தில் வாடகைக்குக் கொடுக்கும் கவுன்கள் எல்லாம் ஒரே அளவு. யானைக்கும் போடலாம். போட்டுவிட்டு, முதுகுப் பக்கம் துணியை இழுத்துச் சுருட்டி, துணி காயப்போடுகிற கிளிப்புகளால் கவ்விவிடுவார்கள். அந்த வேலைக்கென்றே ஒரு பெண் இருந்தாள். இடுப்பில் கிளிப் மாலையோடு திரிவதால் எல்லாரும் அவளைக் கிளிப் அக்கா என்றே கூப்பிட்டார்கள். முன்னாலிருந்து பார்த்தால் ராணி. பின்னால் பதினோரு கிளிப். ஒவ்வொன்றாக எண்ணிப் போட்டாள் அந்த அக்கா.

"மேடம், டைட்டா இருக்கா?"

"கரெக்டா இருக்கு" என்றார் அவர்.

கிளிப் அக்கா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "சார், கவுன் உங்களுக்குப் போட்டேனா மேடத்துக்கா?"

அவர் நல்ல நகைச்சுவை என்று நினைத்துச் சிரித்தார். அவளுக்கு மூச்சு மேல்பக்கமாகத்தான் போய்வந்தது. "கொஞ்சம் டைட்தான்" என்று சொல்ல வாயெடுப்பதற்குள் அக்கா அடுத்த பெண்ணிடம் போய்விட்டாள். போகும்போது ஒன்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள். "திரும்பக் கூடாது மேடம். ஆ ஊன்னு மூச்சு விடக் கூடாது. பூவை விட்டு வெளியே வரக் கூடாது. பின்னாடி யாராச்சும் பாத்தா அசிங்கமா இருக்கும்." சொந்தத் துணியும் செருப்பும் உடை மாற்றும் அறையில் பூட்டியாகிவிட்டது.

அப்படித்தான் அவள் இடுப்பளவு பூவுக்கு நடுவே வந்து நின்றாள். அதற்குள் மகளிடம் பத்துத் தடவை மணி கேட்டுவிட்டாள்.

"என்னம்மா, மணி மணின்னு? எந்த ரயிலைப் பிடிக்கணும் உனக்கு?" என்று மகள் கேலி செய்தாள். அம்மா பூவைப் பார்க்கிற மாதிரி முகத்தை வேறு பக்கம் வைத்துக்கொண்டாள்.

"என்னங்க, அந்த டோக்கனைக் கொஞ்சம் குடுங்களேன்" என்றாள் அவரிடம் தணிந்த குரலில்.

"எதுக்கு?"

"ஒரு போன் பேசணும்."

"யாருகிட்ட?"

அங்கேயே சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் கதையே வேறு. ஆனால் மகள் எதிரே நின்று பூரித்துக்கொண்டிருந்தாள். போட்டோகிராபர் இவள் முகத்துக்கே கேமராவை நீட்டிக்கொண்டிருந்தான். இருபத்தைந்து வருடத்துப் பழக்கம் வேறு. "தெரிஞ்சவங்ககிட்டதான்" என்றாள்.

"அப்புறம் பேசிக்கலாம் விடு. இந்தக் கவுனோட நீ எங்க நடந்து போவ?" என்று அவர் அவள் தோளைத் தட்டினார். அன்பாகத்தான் தட்டினார். அதுதான் அவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

நாலு இருபத்தைந்துக்கு மகளுக்கு ஒரு யோசனை உதித்தது. "அண்ணா, இவங்க கல்யாண போட்டோ ஒண்ணு இருக்கு. அதே மாதிரி இப்ப நிக்க வெச்சு எடுத்தா சூப்பரா இருக்கும்ல?"

"செமயா இருக்கும். எங்க, காட்டுங்க."

"அம்மா போன்ல இருக்கு."

"நான் போய் எடுத்துட்டு வர்றேன்" என்று அவள் கிளம்பினாள். ஓர் அடி வைப்பதற்குள் முதுகில் ஒரு கிளிப் தெறித்தது. "மேடம்! அசையாதீங்க!" என்று எங்கிருந்தோ கிளிப் அக்கா கத்தினாள்.

"நீ நில்லும்மா. நான் போறேன்" என்று அவர் டோக்கனைத் தட்டிக்கொண்டே விறுவிறுவென்று நடந்தார். போனைத் திறக்கிற எண்ணும் அவருக்குத் தெரியும். கல்யாணத் தேதி. வைத்தவரே அவர்தான்.

அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. வெயில் முகத்தில் அடித்தது. "அப்படியே சிரிச்ச மாதிரி இருங்க மேடம், லைட் நல்லா இருக்கு" என்று போட்டோகிராபர் சும்மா இரண்டு படம் எடுத்தான். அவள் சிரித்த மாதிரி இருந்தாள். நாலரை ஆனது. கவுண்டர் பக்கம் அவருடைய முதுகு தெரிந்தது. கை காதுக்குப் போனது. அரை நிமிடம்கூட இல்லை, கீழே இறங்கிவிட்டது. கடவுளே, மகளுடைய தோழி யாராவதாக இருக்கட்டும், வங்கிக்காரனாக இருக்கட்டும், யாராகவாவது இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டாள்.

அவர் அவசரமே இல்லாமல் வந்தார். வழியில் அந்த உர்ரென்ற குழந்தையின் கன்னத்தைக் கிள்ளினார். அது அவரைப் பார்த்துச் சிரித்தது.

"இந்தாங்க தம்பி, இதுதான் படம்" என்று போனை போட்டோகிராபரிடம் கொடுத்தார். பிறகு, போகிற போக்கில், "யாரோ ஒரு அம்மா போன் பண்ணாங்க. மேடம் வேலையில சேர்றாங்களான்னு கேட்டாங்க. எந்த ஆஸ்பத்திரியோ. அவ எங்கேயும் சேரலைம்மான்னு சொல்லி வெச்சுட்டேன்" என்றார்.

அவள் முகத்தில் ஈயாடவில்லை.

"யாரைக் கேட்டுச் சொன்னீங்க?"

"இதுல கேக்க என்ன இருக்கு?" என்றார் அவர். நிஜமாகவே ஆச்சரியப்பட்டார். அவருக்குக் கோபம்கூட இல்லை.

போட்டோகிராபர் பழைய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தான். "சூப்பர் மேடம். இதுல சார் என்னமோ பேசறாரு, நீங்க கீழே பாத்துட்டு நிக்கறீங்க. அதையே பண்ணிடலாம். சார், நீங்க பேசுங்க. மேடம், நீங்க கொஞ்சம் தலையைக் குனிஞ்சு..."

அவள் குனிந்தாள். குனிந்து கவுனை இரண்டு கையாலும் அள்ளிப் பிடித்தாள். அள்ளிக்கொண்டு நடந்தாள்.

பூவுக்குள் பாதை கிடையாது. கால் ஒரு தொட்டியின் விளிம்பில் இடித்தது, செடி தொட்டியோடு மண்ணைவிட்டுச் சாய்ந்தது. முதுகில் ஒரு கிளிப் தெறித்தது, பிறகு இரண்டு, பிறகு எத்தனை என்று யார் எண்ணினார்கள்? கவுன் தளர்ந்து தோளில் இறங்கியது. உள்ளே போட்டிருந்த பழைய பனியன் ஊருக்கே தெரிந்தது. காத்திருந்த கல்யாணப் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். "அம்மா! பின்னாடி... அம்மா!" என்று மகள் ஓடி வந்தாள். அவமானமாகத்தான் இருந்தது அவளுக்கு. இல்லை என்று சொன்னால் பொய். காது மடல் வரை சூடேறியது. ஆனாலும் கால் நிற்கவில்லை. போட்டோகிராபர் கையிலிருந்து போனைப் பிடுங்கினாள்.

"உள்ளே போன் பேசக் கூடாது மேடம்" என்றான் அவன்.

"சும்மா இரு தம்பி."

மணி நாலு முப்பத்தாறு. வந்த நம்பருக்கே திருப்பிப் போட்டாள். அந்தப் பக்கம் வேறு யாருடனோ பேசிக்கொண்டிருப்பதாகச் சத்தம் வந்தது. மறுபடி போட்டாள். மறுபடியும் அதே சத்தம். அடுத்த ஆளுக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள் என்று நினைத்ததும் கண் இருட்டிக்கொண்டு வந்தது. மூன்றாம் தடவை மணி போனது.

"ஹலோ" என்றது ஒரு பெண் குரல்.

அவள் தன் முழுப்பெயரையும் சொன்னாள்.

"மேடம், இப்பத்தானே உங்க வீட்டுக்காரர் நீங்க சேரலைன்னு சொன்னாரு? அடுத்தவங்களுக்குப் போட்டுட்டிருக்கேன். அவங்க லைனே கிடைக்கல."

"போடாதீங்க" என்றாள் அவள். குரல் உடைந்தது, அதைப் பற்றி அவள் கவலைப்படவில்லை. "அவர் சொன்னது அவருக்கு. எனக்கு நான்தான் சொல்லணும். நான் வர்றேங்க. கண்டிப்பா வர்றேன். எழுதிக்கோங்க."

அந்தப் பக்கம் காகிதம் புரளும் சத்தம் கேட்டது. "சரி மேடம். திங்கக்கிழமை காலையில எட்டு மணி."

"எட்டு மணி" என்று திரும்பச் சொல்லிவிட்டு வைத்தாள்.

மகள் அம்மாவையும் அப்பாவையும் மாறி மாறிப் பார்த்தாள். அவர் பூவுக்கு நடுவே, நிற்க வைத்த இடத்திலேயே நின்றார். ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். வந்தது தும்மல்தான். அவள் அவரைப் பார்த்தாள். பாவமாகத்தான் இருந்தது. வீட்டுக்குப் போய்ப் பேச வேண்டும், இன்று இல்லாவிட்டால் நாளை, எத்தனை நாள் ஆனாலும் சரி.

கிளிப் அக்கா மூச்சு வாங்க ஓடி வந்து, தரையில் கிடந்த கிளிப்புகளைப் பொறுக்கி இடுப்பில் மாட்டினாள். முதுகுப் பக்கம் போய்ப் பார்த்தாள். இன்னும் மூன்று மிச்சம் இருந்தன.

"மேடம், இறுக்கிப் போடவா, கழட்டிடவா?"

கேட்டுவிட்டு, பழக்கதோஷம், எல்லாரும் அவர் பக்கம் திரும்பினார்கள். மகள் திரும்பினாள், போட்டோகிராபர் திரும்பினான், கிளிப் அக்காகூடத் திரும்பினாள். அவர் ஒன்றும் சொல்லவில்லை.

"கழட்டுங்க" என்றாள் அவள்.