திரையில் இருக்கும் சாலை

“அப்ப என் பிள்ளைக்கு எங்க போயி பால் ஊத்துறது? அத மட்டும் சொல்லிட்டு வண்டிய எடு.”

மாரீஸ்வரி காரின் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உள்ளே ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி அவள் தம்பி அருண்பாண்டி தேவையில்லாமல் வைப்பரைப் போட்டு நிறுத்தினான்.

“ஏறுக்கா. போற வழியில பேசுவோம்.”

“போற வழியில பேசுனா நீ போயி முடிச்சிட்டேன்னு அர்த்தம். எனக்குத் தெரியாதா உன்ன?”

“ரிசார்ட்டு மேனேஜர் கண்டிசனா சொல்லிட்டாருக்கா. மேப்ப புதுசாக்கலன்னா இந்த வண்டிக்கு இனிமே சவாரி கெடையாது. சதீஷ் பய பண்ணுன காரியம் அப்படி.”

சதீஷ் தேனியிலிருந்து புதிதாக வந்த டிரைவர். போன வாரம் அருண்பாண்டி காய்ச்சலில் படுத்திருந்தபோது, விருந்தாளிகளை ஏற்றிக்கொண்டு இந்தக் காரை ஓட்டியவன். காரிலேயே பொருத்தியிருந்த திரை குறுக்குவழி காட்டியது. மூடுபனியில் அதை நம்பித் திரும்பினான். ஒரு குழந்தை ஜன்னலைத் திறந்து, “அங்கிள், ரோட்டைக் காணோம்” என்று சொல்லாதிருந்தால் எல்லாரும் பள்ளத்துக்குள் போயிருப்பார்கள்.

“அவன் கண்ண எங்க வச்சிருந்தான்? திரையில பேசுற வெள்ளக்காரி திரும்புன்னா திரும்பிருவானா? அவன் அம்மா சொன்னா திரும்புவானா இப்படி?”

“ஊருக்குப் புதுசுக்கா. அங்க ஒரு போர்டுகூட இல்ல. வச்ச போர்டு காத்துல போயி ரெண்டு வருசமாச்சு.”

மாரீஸ்வரி ஏறி உட்கார்ந்தாள். கார் தேயிலைச் சரிவுகளின் நடுவே இறங்கத் தொடங்கியது.

நான்கு வருஷத்துக்கு முந்தைய ஆடி மழையில் மலை சரிந்து அந்தப் பள்ளத்தாக்கிலிருந்த எஸ்டேட் தொழிலாளர்களின் லய வீடுகளை மூடியது. அருண்பாண்டியின் மனைவிக்கு அன்று பிரசவம். துணைக்கு ஆஸ்பத்திரி போயிருந்த மாரீஸ்வரி, மகள் ஞானஜோதியை மாமியாரிடம் விட்டிருந்தாள். மாமியார் கிடைத்தாள். ஞானஜோதி கிடைக்கவில்லை.

உடம்பு கிடைக்காதவர்களுக்கு வீடு இருந்த இடத்தில்தான் பால் ஊற்றுவது என்று லயத்துக்காரர்கள் பேசி வைத்துக்கொண்டார்கள். ஆனால் அங்கே வீடு இருந்த இடம் என்று எதுவுமில்லை. பாறையும் சேறும்தான். அடையாளத்துக்கு நட்ட கல்லை அடுத்த மழையே உருட்டிக்கொண்டு போனது. அந்த இடத்தில் ஆள் உயரத்துக்குப் புல் வளர்ந்தது. போனில் ரேஞ்சும் கிடையாது.

இந்தக் கார் வந்தபிறகுதான் வழி பிறந்தது. எர்ணாகுளத்துக்காரர் ஒருவரிடம் வாங்கிய பழைய வண்டி. ரேஞ்ச் இல்லாத இடத்திலும் அதன் திரையில், மலை சரியுமுன் போட்ட பழைய மேப் தெரியும். சரிவைச் சரிசெய்ய வந்த ஜேசிபிகள் போட்ட மண் தடத்தில் மெல்ல ஓட்டிக்கொண்டே போனால், திரையின் வெற்றுப் பச்சையில் காரைக் காட்டும் அம்பு மட்டும் நகரும். பழைய சாலையின் வளைவை அது தொடும் இடத்தில் அருண்பாண்டி நிறுத்துவான். அந்த வளைவில்தான் மாரீஸ்வரியின் வாசல் இருந்தது. மூன்று ஆடிக்கு அங்கேதான் பால் ஊற்றினாள்.

“போட்டோ எடுத்து வச்சுக்குவோம்க்கா. திரைய அப்படியே.”

“போட்டோவுல அம்பு நகருமாடா?”

அவன் வளைவில் கியரைக் குறைத்தான்.

“கொஞ்சம் தள்ளி ஊத்துனா பக்கத்து வீட்டு நாச்சம்மா வாசலுக்குப் போயிரும். அவளுக்கும் அங்க ரெண்டு பேரு கெடக்குறாங்க. அவங்க வேணாம்பாங்களா? வாங்கிக்குவாங்க. எம்பிள்ள பார்த்துக்கிட்டு நிக்கும்.”

“அக்கா, வேணாம்க்கா.”

“நீ ஏன் அழுவுற? ரோட்டப் பாரு.”

அடிமாலி ஒர்க்‌ஷாப்பில் வண்டி வேலை பார்க்கிற மலையாளி பிஜு, கையைத் துணியில் துடைத்துக்கொண்டே வந்தான். அருண்பாண்டியிடம் ஏற்கெனவே பேசியிருந்தான் போலிருக்கிறது. மாரீஸ்வரியைப் பார்த்ததும் குரலைத் தணித்தான்.

“சேச்சி, புதிய மேப்பு கேறினா பழயது போகும். பின்ன திரும்ப எடுக்கான் முடியாது. குறிச்சு வச்சதும் போகும். செய்யட்டா?”

“அன்னிக்கு இந்த வண்டியில எத்தன பேரு இருந்தாங்க, சதீஷ் கூட்டிட்டுப் போனதுல?” என்று தம்பியிடம் கேட்டாள்.

“ரெண்டு குடும்பம்க்கா. பிள்ளைகளும்.”

வெளியே மழை வலுத்தது. மாரீஸ்வரி காருக்குள் குனிந்து, திரையைச் சேலைத் தலைப்பால் துடைத்தாள். முகம் துடைப்பதுபோல் ஓரத்திலிருந்து ஓரம்வரை துடைத்தாள்.

“செய்யிப்பா.”

ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. அவள் பெஞ்சில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். அருண்பாண்டி வாங்கி வந்த சாயா ஆறி ஏடு படர்ந்தது.

“கழிஞ்ஞு, முடிஞ்சது” என்றான் பிஜு.

“போயிருச்சா?”

பிஜு திரையை விரலால் இழுத்தான். பெரிதாக்கினான். அருண்பாண்டியும் எட்டிப் பார்த்தான்.

“என்னடா?”

“இருக்குக்கா.”

“எது இருக்கு?”

“ரோடு. அப்படியே இருக்கு. வளைவு, அங்கன்வாடி, எல்லாம். மேல புதுசா ஒரு ஹோம்ஸ்டே வந்திருக்கு, அதையும் போட்டிருக்கான்.”

மாரீஸ்வரி எழுந்து வந்து பார்த்தாள். வெள்ளைக் கோடாய் சாலை போய்க்கொண்டிருந்தது.

“புதுசுன்னுதான சொன்னே?”

“இந்தக் கொல்லத்ததா சேச்சி, இந்த வருசத்தது.”

“நல்லதாப் போச்சுக்கா” என்றான் அருண்பாண்டி அவசரமாக. “ஆடிக்குப் போயிரலாம். மேனேஜரும் ஒண்ணும் சொல்ல முடியாது.”

“என்னடா நல்லது?” அவள் குரல் உயர்ந்ததில் பக்கத்து வண்டிக்கு அடியிலிருந்தவன் தலையை நீட்டினான். “மலையே எறங்கி வந்துச்சு. அத்தன பேரு செத்தாங்க. நேத்து வந்த ஹோம்ஸ்டே தெரியுது, இது தெரியலையா? யாரும் போயிச் சொல்லலையா மேப்பு போடுறவனுககிட்ட?”

“ஆரு சொல்லும் சேச்சி?”

“நீ சொல்லு. இதுல சொல்ல முடியுமா?”

“ரோடு இல்லான்னு கம்பெனிக்கு அயக்காம், அனுப்பலாம். அவங்க மாற்றினா பின்ன ரோடு காணாது. சேச்சிக்குத்தானே வேணும்?”

“அயச்சுடு. அங்க ஆளுக இருந்தாங்கன்னும் சேர்த்துப் போடு.”

பிஜு தயங்கினான். “அதுக்கு எடம் இல்ல சேச்சி. ரோடு இல்லா. அத்ர மட்டும்.”

“சரி. அத்ர மட்டும் போடு.”

திரும்பும்போதும் மழை விடவில்லை. பள்ளத்தாக்குக்குப் பிரியும் முக்கில் திரையிலிருந்த பெண் இடப்பக்கம் திரும்பச் சொன்னாள். அருண்பாண்டி நேரே போகப் பார்த்தான்.

“நிறுத்து.”

“மழைக்கா.”

அவள் இறங்கிவிட்டாள். ஓரத்துச் சவுக்கு மரத்தில் தாழ்ந்திருந்த கொப்பை இரண்டு கையாலும் பிடித்துத் தொங்கி ஒடித்தாள். மலைப் பாதையில் லாரி நின்றுபோனால் டிரைவர்கள் தழையை ஒடித்துக் குறுக்கே போடுவார்கள். பார்க்கிற எவனும் வேகத்தைக் குறைப்பான். ஒடித்ததை இழுத்துப்போய், மகளிடம் போகும் சாலையின் வாயில் போட்டாள். இன்னொன்றை ஒடித்தாள். அருண்பாண்டி கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு இறங்கினான்.

“ராத்திரி மழை அடிச்சிட்டுப் போயிரும்க்கா.”

“போகட்டும். காலையில வேலைக்குப் போறப்ப மறுபடி போட்டுட்டுப் போறேன். அந்தப் பெரிய கொப்பப் பிடி.”

அவன் பிடித்தான்.