வாசல் பூட்டை விற்றவன்

எங்கள் வீட்டு வாசல் பூட்டை நானே கழற்றி விற்றுவிட்டேன். பூட்டுக்கடை வைத்திருப்பவன் செய்கிற வேலையா இது என்று நீங்கள் வேறு கேட்காதீர்கள். தெருவே கேட்டு முடித்துவிட்டது. கனமான பித்தளைப் பூட்டுதான் வேண்டும் என்று ஒருவர் அடம்பிடித்தார். கடையில் இருப்பு இல்லை. வீடு அடுத்த தெரு. பத்து நிமிஷத்தில் வேறொன்று மாட்டிவிடலாம் என்று கொண்டியை மட்டும் போட்டுவிட்டுப் போனேன். கடையில் கூட்டம், மறந்தே போனேன். மனைவி வேலையிலிருந்து திரும்பியபோது கதவு விரியத் திறந்து கிடந்தது.

டிவி போயிருந்தது. அலமாரியில் இருந்த அவளுடைய பழைய போனும் போயிருந்தது. டிவி கிடக்கட்டும். இரண்டு வருஷத்துக்கு முன் இறந்த அவள் தம்பி பேசி அனுப்பியதெல்லாம் அந்த போனில்தான் இருந்தது. வேறெங்கும் இல்லை. திரை உடைந்த அதற்குத் தினமும் சார்ஜ் போட்டு, மாலையில் காதில் வைத்துக்கொள்வாள்.

அதன்பின் வீடு மாறிப்போயிற்று. காலி அலமாரிக்குள் போன் அதிர்கிற சத்தம் பட்டப்பகலில் கேட்கும். நான் திரும்பினால் அவளும் அங்கேயே பார்த்துக்கொண்டிருப்பாள். இருவரும் உடனே வேறு வேலை இருப்பதுபோல் நடிப்போம். தினமும் அந்த எண்ணுக்குக் கூப்பிடுவாள். அணைத்து வைத்திருப்பதாகவே சொல்லும். ஒருநாள் மட்டும் மணி அடித்தது. யாரோ எடுத்தார்கள். பேசவில்லை. மூச்சு மட்டும் வந்தது. அந்த மூச்சை அவள் கண்ணை மூடிக் கேட்டாள்.

என் மேல் கோபமா என்று மூன்று வாரமாகக் கேட்கிறேன். "சாப்பிடுங்க" என்பாள். இல்லாவிட்டால், "ஃபேனப் போடுங்க."

ஏதாவது ஈடுகட்ட வேண்டுமே என்று வீட்டுக் காப்பீட்டுப் பத்திரத்தைத் தேடி எடுத்தேன். எதெதற்குக் கிடையாது என்று மட்டுமே நாலு பக்கம். போர், அணுக்கதிர், எலி, கரையான், மெல்லக் கசியும் தண்ணீர் எதற்கும் கிடையாது. திருட்டுக்கு உண்டு, ஆனால் உடைத்து நுழைந்த அடையாளம் வேண்டும். அடையாளம்தானே? பூட்டை உடைப்பதில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. அதே மாதிரிப் பூட்டு ஒன்றை வரவழைத்து, கடையில் வைத்தே அழகாக உடைத்தேன்.

இழப்பைப் பார்க்கக் காப்பீட்டுக் கம்பெனியிலிருந்து வந்த பெண்மணி அந்த உடைந்த பூட்டைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தார். "இதுதான் கதவுல இருந்ததா சார்?"

மனைவி என் முகத்தையே பார்த்தாள். அலமாரிக்குள் அதிர்ந்தது.

"இல்ல மேடம். இருந்தத வித்துட்டேன்."

அவர் எழுதுவதை நிறுத்தினார். சிரிக்காததற்கு அவருக்குக் கோடி புண்ணியம். அப்படியானால் திருட்டுக்கு எதுவும் வராது என்றார். போனில் இருந்த குரலுக்கு ஏதாவது வழியுண்டா என்று வெட்கத்தை விட்டுக் கேட்டேன். பூட்டே உடைந்திருந்தாலும் பழைய போனுக்கான தொகைதான், உள்ளே இருப்பதை எந்தப் பாலிசியும் எடுத்துக்கொள்ளாது என்று மெதுவாகச் சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

கதவைச் சாத்திவிட்டு வந்தேன். இந்தத் தடவை வேடிக்கைப் பேச்சு எதுவும் வாயில் வரவில்லை.

"என்மேல கோபமா?"

"ஆமா," என்றாள். "அவன் குரல் எனக்கு மறந்துகிட்டே வருது. நீங்க பக்கத்துல வந்து நின்னாலே எனக்கு அதுதான் ஞாபகம் வருது."