ஞாயிறு எட்டு மணி

சேனாபதி காரை ஃப்ரீவேயில் ஏற்றும்போது ஆர்யனின் சட்டைப்பையில் அலாரம் அடித்தது. அவனுடைய போன் இல்லை, அப்பாவுடையது. வியாழக்கிழமை அப்பா பசுபதி இறந்ததிலிருந்து, துக்கம் விசாரிக்கிறவர்களுக்குப் பதில் சொல்ல அவன்தான் அதை வைத்திருந்தான்.

"என்ன அலாரம்ப்பா?" என்றார் பக்கத்து வீட்டுச் சேனாபதி.

"எஸ்டோனியா," என்றாள் பின்சீட்டிலிருந்த ராஜலக்ஷ்மி. "ஞாயித்துக்கிழமை எட்டு மணி."

ஆர்யன் அலாரத்தை அணைத்தான். "அம்மா, நாட் டுடே. நைன் ஓ க்ளாக் ஃபியூனரல் ஹோம்ல ஸ்லாட். எல்லாரும் அங்க வெயிட் பண்றாங்க."

அவள் போனுக்காகக் கையை நீட்டினாள். அவன் கொடுக்கவில்லை.

பசுபதியோடு முப்பது வருஷம் ஒரே ஆபீசில் வேலை பார்த்தவர் தோமாஸ். எஸ்டோனியாக்காரர். சாகக் கிடந்தபோது பசுபதியிடம் ஒன்றே ஒன்று கேட்டார். ஊரில், ஒரு தீவில், அண்ணன் எண்டெல் தனியாக இருக்கிறார். ஒவ்வொரு ஞாயிறும் சாயங்காலம் நாலு மணிக்கு அவர் வீட்டுப் போன் அடிக்க வேண்டும். பசுபதி "சரி" என்றார். அந்தச் சாயங்காலம் நாலு, இங்கே சுகர் லேண்டில் காலை எட்டு. அதற்குப் பிறகு பதினொரு வருஷம், ஒரு ஞாயிறும் தவறவில்லை.

சொன்ன சொல் தவறாதவர் என்று ஊரில் பேர் வாங்குவது சுலபம். அவரோடு குடித்தனம் நடத்திப் பார்த்தால் தெரியும். ஆர்யன் கல்யாணத்தன்று சம்பந்தி வீட்டாரை மணமேடையில் நிற்க வைத்துவிட்டு, போன் செய்யப் பார்க்கிங் லாட்டுக்கு ஓடினார். அன்று ராஜலக்ஷ்மி வாய்க்கு வந்தபடி திட்டினாள். அவர் தோமாஸிடம் கற்ற பழமொழியைச் சொன்னார். "மாட்டைக் கொம்பைப் பிடிச்சு நிறுத்தலாம், மனுஷனை அவன் சொல்லைப் பிடிச்சுத்தான் நிறுத்த முடியும், ராஜி." "அப்ப உங்களுக்குக் கொம்பே முளைச்சிருக்கலாம்," என்றாள் அவள். போன ஞாயிற்றுக்கிழமை ஐசியூவில் ஆக்ஸிஜன் மாஸ்க்கைக் கழற்றிவிட்டுப் போன் செய்தார். நர்ஸ் சத்தம் போட்டதைக் காதில் வாங்கவே இல்லை.

"அப்பா ப்ராமிஸ் பண்ணார், அப்பா கீப் பண்ணார். அவரோட அது முடிஞ்சுதும்மா," என்றான் ஆர்யன். "நாளைக்கு நான் யார் மூலமாவது சொல்லி அனுப்பறேன்."

"இன்னைக்கு நாலு மணிக்கு அந்த மனுஷன் போன் பக்கத்துல உக்காந்திருப்பாரேடா."

"உக்காந்திருந்தா? அவருக்கு இங்கிலீஷ் வராது. ஒரு வார்த்தை வராது. யூ டிட்ன்ட் நோ?"

அவளுக்குத் தெரியாது. எட்டு மணியானால் பசுபதி கராஜுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். ஆபீஸ் கதை, அரசியல் என்று வழக்கம்போல அறுத்துத் தள்ளுகிறார் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தாள்.

"அப்ப பதினொரு வருஷமா என்னதான் பேசினாங்க?"

"ஐ டோன்ட் நோ, அம்மா."

சேனாபதி கண்ணாடியில் அவளைப் பார்த்தார். "போட்டுடு தம்பி. டைம் இருக்கு. நான் பாத்து ஓட்டறேன்."

"இறந்துட்டார்னு அவங்க பாஷையில எப்படிச் சொல்றதுன்னு பாரு," என்றாள் ராஜலக்ஷ்மி.

ஆர்யன் தன் போனில் தட்டிப் பார்த்தான். "சுரி. இந்த ஆப்பே பேசும்மா, ப்ளே பண்ணிடலாம்."

"மிஷின் சொல்ல வேண்டாம். நான் சொல்றேன்."

ஆர்யன் எண்ணைப் போட்டதும் பசுபதியின் போன் அவருடைய அந்தக் காரின் ஸ்பீக்கரோடு தானாகவே சேர்ந்துகொண்டது. முதல் மணி முழுசாக அடிப்பதற்குள் அந்தப் பக்கம் எடுத்துவிட்டார்.

"தேரெ, பசு," என்றது ஒரு கிழக்குரல். கார் முழுக்கக் கேட்டது.

அதோடு சரி. பதிலுக்குக் காத்திருக்கிற மாதிரியும் தெரியவில்லை. கோப்பையில் எதையோ ஊற்றும் சத்தம். சுவர்க்கடிகாரம். ஒரு மிடறு குடித்து, மெதுவாகக் கோப்பையைக் கீழே வைக்கிறார். மறுபடி கடிகாரம்.

இதுதானா? முகம் பார்க்காத, பாஷை தெரியாத இரண்டு பேர், கடலுக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் போனைப் பிடித்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்திருக்கிறார்கள். ஒரு வாரமா, இரண்டு வாரமா? நாற்பது வருஷம் கூடவே இருந்தும் தனக்குத் தெரியாத ஓர் ஆள் அந்த கராஜுக்குள் இருந்திருக்கிறார் என்று நினைக்க ராஜலக்ஷ்மிக்கு மலைப்பாக இருந்தது. கொஞ்சம் பயமாகக்கூட இருந்தது.

தொண்டையைச் செருமிக்கொண்டாள். "எண்டெல்," என்றாள். "பசுபதி... சுரி."

அந்தப் பக்கம் நாற்காலி தரையில் உரசி நகர்ந்தது. எழுந்து நிற்கிறார் என்று அவளுக்குப் புரிந்தது. முன்சீட்டில் ஆர்யனும் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

போனை யாரும் வைக்கவில்லை. சேனாபதி வலதுபக்க லேனுக்கு மாறி வேகத்தைக் குறைத்தார். லாரிகள் கடந்து போயின. ஃபியூனரல் ஹோமுக்கு இறங்க வேண்டிய எக்ஸிட் பலகை வந்தது. கடிகாரம் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

பிறகு அந்தக் குரல் கரகரப்பாக ஏதோ நீளமாகச் சொன்னது. அதில் ஒன்றும் விளங்கவில்லை. கடைசியில் ஒரே ஒரு சொல் தனியாக வந்தது, தயங்கித் தயங்கி, கேள்வி மாதிரி.

"பூஹபாயெவ்?"

கராஜ் கதவைத் திறப்பதற்கு முன்னால் பசுபதி ஒவ்வொரு தடவையும் சொல்லிவிட்டு வருகிற சொல் அது. என்ன அர்த்தம் என்று ஒருநாள் கேட்டிருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை என்று சொல்லியிருக்கிறார்.

ஆர்யன் திரும்பி அம்மாவைப் பார்த்தான். வேண்டாம் என்பதுபோல லேசாகத் தலையசைத்தான்.

"பூஹபாயெவ்," என்றாள் ராஜலக்ஷ்மி.

கார் எக்ஸிட்டில் இறங்கிச் சிவப்பு விளக்கில் நின்றது. அவள் மடியில் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கினாள். வியாழன், வெள்ளி, சனி என்று பதினொன்று வரைக்கும் வந்தாள்.

"ஆர்யா."

"சொல்லும்மா."

"பதினோராம் நாள் காரியம் சண்டே வருது. எட்டே காலுக்கு மேல ஆரம்பிச்சாப் போதும்னு ஐயர்கிட்ட சொல்லிடு."