பானெட்டை மூடிய பிறகு

கார்களின் ஏ.சி.யைப் பழுது பார்ப்பதையே தொழிலாகக் கொண்ட அவரைக் குடும்பத்தில் அனைவரும் 'ஐஸ்பெட்டி' என்றே அழைப்பார்கள். அந்தப் பட்டப்பெயரைச் சூட்டியவர் அவருடைய அக்காவின் கணவர். காலை பத்தரை மணிக்கு அந்த அத்தானின் கார் பட்டறை வாசலில் வந்து நின்றதுமே ஐஸ்பெட்டி கையிலிருந்த ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார். அக்காவும் குடும்பமும் அந்நேரம் நெடுஞ்சாலையில் வெகுதூரம் போயிருக்க வேண்டியவர்கள்.

அக்கா பின்கதவைத் திறந்து, ஈரத்துண்டில் சுற்றிய நான்கு வயது மகளைத் தூக்கிக்கொண்டு, யாரையும் பார்க்காமல் பட்டறையின் அலுவலக அறைக்குள் நுழைந்தார். அந்த அறை ஒன்றுதான் குளிரூட்டப்பட்டது. குழந்தைக்குப் பிறவியிலேயே வியர்வை சுரப்பதில்லை. அனல் பட்டால் உடம்பு சூடேறிக்கொண்டே போகும். தானாகத் தணிந்துகொள்ள அதற்குத் தெரியாது. நகரத்து மருத்துவமனைக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை மட்டும் வரும் நிபுணர் அன்று மாலை நான்கு மணி வரைதான் இருப்பார். போய்ச் சேர மூன்றரை மணி நேரம் ஆகும். வேறு வண்டிக்கு நான்கு இடங்களில் கேட்டாயிற்று. எல்லோரும் மறுநாளைக்குக் கைகாட்டிவிட்டார்கள். பன்னிரண்டே காலுக்குள் புறப்படாவிட்டால் பயணமே வீண்.

நடந்ததை அத்தான் விவரித்தார். புறப்பட்ட இருபதாவது நிமிடத்தில், ஏ.சி.யின் திரை இருபத்திரண்டு டிகிரி என்று காட்டியபடியே இருக்க, துவாரங்களிலிருந்து வெந்நீர்ப் பானையைத் திறந்தாற்போல் அனல் வந்ததாம். இது மூன்றாவது முறை. முதல் முறை ஐஸ்பெட்டி காஸ் நிரப்பிக் கொடுத்தார். இரண்டாம் முறை சென்சாரை மாற்றினார். போன வாரம் கண்ணை மூடிக்கொண்டு போகலாம் என்று அக்காவுக்கு வாக்குக் கொடுத்தவரும் அவரேதான்.

"ஊரையெல்லாம் குளிர வைக்கிற. உன் அக்கா வண்டிய மட்டும் ஏன் மச்சான் கொதிக்க விடுற?" என்றார் அத்தான்.

ஐஸ்பெட்டி வண்டியைக் கூரைக்கடியில் நிறுத்தி, பானெட்டைத் தூக்கி, அழுத்தமானியின் குழாய்களை மாட்டி, இன்ஜினை ஓடவிட்டார். பத்து நிமிடம் ஆயிற்று, இருபது ஆயிற்று. காற்று சில்லென்றே வந்தது. முட்கள் இரண்டும் நல்ல பிள்ளைகளாக நிற்க வேண்டிய இடத்தில் நின்றன. இருபத்தைந்தாவது நிமிடமும் கடந்தபோது மணி பதினொன்று. பழுதே இல்லாத வண்டியை எப்படிப் பழுது பார்ப்பது? உன்னைப் பார்த்தால் மட்டும் இதற்குப் பயம் வந்துவிடுகிறது என்று அத்தான் முணுமுணுத்தார்.

பானெட்டைத் தாங்கியிருந்த கம்பியின் மேல் ஐஸ்பெட்டியின் பார்வை அப்போதுதான் விழுந்தது. இத்தனை வருடமாக எந்த வண்டியையும் அவர் நிழலில் நிறுத்தி, பானெட்டைத் திறந்து வைத்தே சோதித்து வந்திருக்கிறார். குழாய் மாட்ட அதுதான் வசதி. ஆனால் சாலையில் பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு யார் ஓட்டுவார்கள்? அவருக்குக் காது மடல்கள் சுட்டன.

குழாய்களைக் கழற்றினார். பானெட்டை அறைந்து மூடினார். வண்டியை வெட்டவெளி வெயிலில் நிறுத்தி, கண்ணாடிகளை ஏற்றிவிட்டு உள்ளே உட்கார்ந்தார். பன்னிரண்டாவது நிமிடம் அனல் வந்தது. இன்ஜினை அணைக்காமலே இறங்கி ஓடிப் பானெட்டைத் திறந்தார். கம்ப்ரஸரின் சக்கரம் பெல்ட்டோடு சுழன்றுகொண்டிருக்க, அதன் முகத்திலிருந்த தட்டு மட்டும் கல்லாகச் சமைந்திருந்தது. மின்சாரம் வருகிறதா என்று சோதனை விளக்கால் தொட்டுப் பார்த்தார், வந்தது. துடைப்பத்தின் நீண்ட கட்டையால் தட்டை மெல்லத் தள்ளினார். 'டக்'கென்று ஒட்டிக்கொண்டு அதுவும் சுழன்றது.

அந்தத் தட்டு ஒட்டிச் சுழன்றால்தான் காற்று குளிரும்; அதை இழுத்துப் பிடிப்பது உள்ளேயிருக்கும் காந்தம். தட்டு தேய்ந்து தேய்ந்து இடைவெளி கூடியிருக்கிறது. குளிர்ந்திருக்கும்வரை காந்தம் எப்படியோ இழுத்துவிடுகிறது. சூடேறியதும் அதற்குத் தெம்பு போய்விடுகிறது. பானெட் திறந்திருந்தாலோ சூடே ஏறுவதில்லை.

அலுவலக அறைக்குப் போய் அக்காவின் முன்னால் நின்றார். காரணம் சொல்லித் தப்பிக்க ஆயிரம் வழி இருந்தது.

"தப்பு என்மேலதான்க்கா. மூணு தடவையும் பானெட்டத் திறந்து வெச்சே பார்த்திருக்கேன். மூடிப் பார்க்கணும்னு தோணவே இல்ல."

கேலிக்குத் தயாராக வாயைத் திறந்த அத்தான், மனைவியின் முகத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டார். குழந்தையின் கழுத்தில் துண்டை மாற்றிப் போட்டபடி, "சரி, போய்ச் செய்" என்றார் அக்கா.

தட்டின் நடுவிலிருந்த போல்ட் கொதித்துக்கொண்டிருந்தது. ஆறும்வரை காத்திருக்க நேரமில்லை. துணியைச் சுற்றிப் பிடித்தும் இரண்டு விரல்கள் பொசுங்கின. போல்ட் முரண்டு பிடித்தது; மூன்றாம் இழுப்பில்தான் அசைந்தது. தட்டைக் கழற்றி, அதன் பின்னாலிருந்த இரண்டு வாஷர்களில் காகிதக் கனமுள்ள ஒன்றை, இடைவெளி குறையட்டும் என்று எடுத்துவிட்டு மீண்டும் மாட்டினார். அளவுத்தகட்டை இடைவெளியில் நுழைத்து, சுற்றிலும் நான்கு இடங்களில் சரிபார்த்தார். முடித்தபோது மணி பதினொன்று நாற்பது.

இனி ஓடும் என்று சொல்ல வாயெடுத்தவரை அக்கா கையமர்த்தினார்.

"நீ சொல்ல வேண்டாம்டா. நான் உட்கார்ந்து பார்க்கிறேன்."

குழந்தையைக் கணவரிடம் கொடுத்துவிட்டு, வெயிலில் நின்ற வண்டியின் பின்னிருக்கையில், மகள் உட்காரும் இடத்தில் ஏறி அமர்ந்து கதவைச் சாத்திக்கொண்டார். இன்ஜின் ஓடியது. பானெட் மூடியிருந்தது. ஐஸ்பெட்டி வெயிலிலேயே நின்றார். கண்ணாடியில் தன் முகம்தான் தெரிந்ததே தவிர அக்காவின் முகம் தெரியவில்லை. பன்னிரண்டாவது நிமிடம் வந்து போனது. பதினெட்டில் ரேடியேட்டர் விசிறி இரைச்சலிட, அவர் பானெட்டை நோக்கி ஓரடி எடுத்து வைத்தார். இருபது தாண்டியது. உள்ளே ஒரு கை எழுந்து காற்றுத் துவாரத்தின் மேல் படிந்து, அங்கேயே நின்றது. அது எதைத் தொட்டுக்கொண்டிருக்கிறது என்று வெளியிலிருந்து எப்படித் தெரியும்? கேட்கவும் அவருக்குத் துணிவில்லை.

இருபத்தைந்தாவது நிமிடத்தில் கண்ணாடி நான்கு விரல் அளவு இறங்கியது.

"அத்தானப் பாப்பாவத் தூக்கிட்டு வரச் சொல்லு," என்றார் அக்கா. "வர்றப்ப அவளுக்கு ஒரு போர்வையும் எடுத்துக்கச் சொல்லு."