கேட்டு வாங்கிய முகம்

“அங்க அடையாளம் ரெண்டு சொல்லுங்கம்மா” என்றார் ஏட்டு.

வலது தோள்பட்டைக்குப் பின்னால் ஒரு மச்சம் உண்டு என்றாள் சசிகலா. எழுதப்போன பேனா நின்றது. பிணவறைக் கதவு பாதி திறந்து கிடந்தது. உள்ளே கிடந்த அவள் புருஷன் மணிவேலின் தோளில் இனி யாராலும் மச்சத்தைத் தேட முடியாது. கழுத்திலிருந்து இடுப்புவரை மீன் செதில் போல நெருக்கமாகப் பச்சை குத்தியிருந்தான். முகத்திலும் விடவில்லை. நெற்றியில் தொடங்கி இரண்டு கன்னங்கள் வழியாகத் தாடைக்கு இறங்கும் கறுப்பு வளைகோடுகள். புருவங்களுக்கு மேலே, தோலுக்கு அடியில் சிலிக்கான் துண்டு வைத்துத் தைத்த இரண்டு முண்டுகள், கிடாக்குட்டிக்குக் கொம்பு முளைக்கும் முன்னால் தெரியுமே, அது மாதிரி. ஏட்டு ஒருமுறை உள்ளே எட்டிப் பார்த்தார். “மச்சம்னே போட்டுக்குறேன்” என்று எழுதிக்கொண்டார்.

முந்தின நாள் மாலை அரியலூர் சாலையில் சுண்ணாம்புக்கல் ஏற்றி வந்த டிப்பர் லாரி ஒன்று பஸ்ஸை முந்தப் பார்த்து, எதிரே ஓரமாக வந்துகொண்டிருந்த மணிவேலின் பைக்கை அடித்துப் போட்டுவிட்டது. அந்தச் சாலைக்கு அது புதிதில்லை. ஆனால் பெரம்பலூர் ஆஸ்பத்திரி வாசலில் கூடியிருந்தவர்கள் லாரியைப் பற்றிப் பேசவில்லை. சாமி கொடுத்த உடம்பைக் கண்டபடி வெட்டித் தைத்துக்கொண்டவனுக்கு வேறு எப்படி வரும் என்று பேசிக்கொண்டார்கள். சசிகலாவின் காதில் விழும்படியே பேசினார்கள்.

அவளால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. வேப்ப மரத்தடிக்குப் போனாள், குழாயடிக்குப் போனாள், மறுபடி பிணவறை வாசலுக்கு வந்தாள். போலீஸ்காரர் கொடுத்த பிளாஸ்டிக் பையில் அவனுடைய கைக்கடிகாரமும் பர்ஸும் செல்போனும் இருந்தன. மேல்மூடி நொறுங்கியும் போன் சாகவில்லை. அடித்துக்கொண்டே இருந்தது. பழைய பஸ் ஸ்டாண்டுப் பக்கம் அவன் நடத்திய பிரவுசிங் சென்டரை ஏன் இன்னும் திறக்கவில்லை என்று கேட்டு அடித்தார்கள். ரிசல்ட் பார்க்க வேண்டுமாம். ஒருமுறை எந்தத் தேசத்து ஆளோ நிறுத்தாமல் இங்கிலீஷில் பேசினான். போனை அணைக்க அவளுக்குத் தெரியவில்லை. தெரிந்திருந்தாலும் அணைத்திருப்பாளா என்பது சந்தேகம்தான்.

ஆம்புலன்ஸ் கிளம்பும் நேரத்தில் இன்னொரு அழைப்பு வந்தது. பெண் குரல். அண்ணன் இல்லையா என்று கேட்டது. அந்தக் குரலில் ‘ண’வும் ‘ல’வும் லேசாக வழுக்கின. மணிவேலுக்கும் அப்படித்தான் வழுக்கும். நாக்கின் நுனியை இரண்டாகப் பிளந்துகொண்டவன் அவன். சசிகலா நடந்ததைச் சொன்னாள். அந்தக் குரல் ஊர்ப் பெயரைக் கேட்டது. குன்னத்துக்குக் கிழக்கே வர வேண்டும், சாயங்காலத்துக்குள் எடுத்துவிடுவார்கள் என்று சொல்லிவிட்டுப் பொத்தானை அமுக்கினாள்.

வண்டியில் அவன் காலடியில் உட்கார்ந்துகொண்டாள். கல்யாணமான மறுவருஷம் மலேசியாவுக்குப் போனவன், ஆறு வருஷம் கழித்து இரண்டாயிரத்து நாலில்தான் திரும்பினான். திருச்சி விமான நிலையத்தில் தொப்பியைப் புருவம்வரை இழுத்துவிட்டுக்கொண்டு நின்ற ஒருவனைத் தாண்டிப் போய், கூட்டத்துக்குள் புருஷனைத் தேடினாள் சசிகலா. முதுகுக்குப் பின்னால் “சசி” என்று கேட்ட பிறகுதான் திரும்பினாள். வேன் பாடாலூர் தாண்டும்வரை அழுதாள். மறுநாளே மீன்சுருட்டியில் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள்.

அவன் அங்கேயும் வந்தான். தொப்பி போடாமல், பஸ்ஸை விட்டிறங்கித் தெரு முழுக்க நடந்து வந்தான். அவளுடைய அம்மா தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை. கொல்லைப்புறத்தில் நின்றபடியே சொன்னான். கோலாலம்பூரில் ஒரு சாப்பாட்டுக் கடையின் பின்கட்டில் தட்டுக் கழுவினானாம். சுவரில் ஒரு சந்து. எச்சில் தட்டு அதன் வழியாக வரும், கழுவின தட்டு அதன் வழியாகப் போகும். வருஷக்கணக்கில் அந்தப் பக்கத்து ஆள் ஒருவரும் அவன் முகத்தைப் பார்த்ததில்லை. மாடியில் பச்சை குத்தும் கடை இருந்தது. ஓய்ந்த நேரத்தில் அங்கே கூட்டிப் பெருக்கப் போனான். தன் தோல் எப்படி இருக்க வேண்டும் என்று மனுஷன் தானே தீர்மானிக்கலாம் என்பதை அங்கேதான் பார்த்தான்.

“பொறந்தப்ப இருந்த மூஞ்சி நான் கேட்டு வந்ததில்ல சசி. இது நான் கேட்டு வாங்குனது. புடிக்கலன்னா சொல்லிடு. ஆனா நல்லா பாத்துட்டுச் சொல்லு.”

அவள் பார்த்தாள். அன்றைக்கே பிடித்துவிட்டது என்று சொன்னால் அது பொய். அடுத்த வாரம் பெட்டியோடு பஸ் ஏறி வந்தாள். கரண்ட் போன நேரங்களில் பயந்து பயந்து அந்தக் கோடுகளை விரலால் தொட்டாள். விரலுக்கு ஒன்றும் தட்டுப்படவில்லை. தோல் தோலாகத்தான் இருந்தது. அது அவளுக்குப் பெரிய ஆச்சரியம்.

ஊர் பழகவில்லை. கம்ப்யூட்டர் பார்க்க வருகிற சாக்கில் பையன்கள் அவனைப் பார்க்க வந்தார்கள். அவன் போட்டோவைப் பார்த்து பிரேசிலிலிருந்தும் ஜெர்மனியிலிருந்தும் எழுதினவர்கள் உண்டு. உள்ளூரில் பந்தியில் பக்கத்து இலையில் உட்கார ஆள் இல்லை. வயிற்றில் வந்த பிள்ளை தங்காமல் போனதற்கும் அந்த முகத்தைத்தான் சொன்னார்கள். அவனோ மேலும் மேலும் எதையாவது செய்துகொண்டான். மோதிர விரலின் நுனியில் அரிசி அளவுக் காந்தத் துண்டு ஒன்றை வைத்துத் தைத்துக்கொண்டு வந்தான். மோட்டார் கொட்டகைப் பக்கம் போனாலே விரலுக்குள் கரண்ட் கூசுகிறது என்பான். கம்ப்யூட்டர் பெட்டிமேல் விரலை வைத்து, உள்ளே ஃபேன் சுற்றுகிறதா இல்லையா என்று மூடியைக் கழற்றாமலே சொல்வான். அவன் செய்துகொண்டதில் அவனுடைய அம்மா மருதாயிக்குப் பிடித்தது அது ஒன்றுதான். தைக்கிற ஊசி கீழே விழுந்தால் மகனைக் கூப்பிடுவாள்.

தெருமுனையில் வண்டி திரும்பியபோது ஃபிளெக்ஸ் போர்டு கட்டியிருந்தது. கண்ணீர் அஞ்சலி என்று பெரிய எழுத்து. அதற்குக் கீழே ஒரு முகம். சசிகலாவுக்கு முதலில் வேறு யார் வீட்டுச் சாவோ என்றுதான் தோன்றியது. மணிவேலின் போட்டோதான். ஃபிளெக்ஸ் கடையில் கம்ப்யூட்டரில் வைத்துக் கோடுகளை அழித்துவிட்டிருந்தார்கள். கன்னம் புது பிளாஸ்டிக் குடம் மாதிரி வழுவழுவென்று இருந்தது. முண்டுகள் இருந்த இடத்தில் முடியை இழுத்துவிட்டிருந்தார்கள். யாருடைய ஏற்பாடு என்று அவள் கேட்கவில்லை.

மணிவேலின் அண்ணன் வைத்திலிங்கம் கெட்டவர் இல்லை. வெங்காய வியாபாரி, நாலு பேருக்கு நல்லது கெட்டதுக்கு நிற்கிற மனுஷன். ராத்திரியெல்லாம் ஆஸ்பத்திரியில் அலைந்தவரும் அவர்தான். அவருடைய மகளுக்குச் சம்பந்தம் பேசி முடிகிற நிலையில் இருந்தது. மாப்பிள்ளை வீட்டார் சிதம்பரம் பக்கம். பெண்ணுக்குச் சித்தப்பா ஒருவர் இருக்கிறார் என்று மட்டும்தான் அவர்களுக்குச் சொல்லியிருந்தது. துக்கம் கேட்க அவர்கள் கிளம்பிவிட்டதாகப் போன் வந்திருந்தது.

போஸ்ட்மார்ட்டம் ஆன உடம்பு, கழுத்துவரை வெள்ளைத் துணி சுற்றித்தான் வந்தது. வெளியே தெரிந்தது முகம் மட்டுமே. பந்தலுக்குக் கீழே பெஞ்சில் கிடத்தினார்கள். பெண்கள் சசிகலாவை உள்ளே அழைத்துப்போய்க் கொஞ்ச நேரம் உட்காரவைத்தார்கள். மீண்டும் அவள் வெளியே வந்தபோது அவன் முகத்தைக் காணோம். சந்தனத்தையும் விபூதியையும் குழைத்து நெற்றியிலிருந்து தாடைவரை சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தது மாதிரி அப்பியிருந்தார்கள். கண் இமைகள் மட்டும் தெரிந்தன.

வைத்திலிங்கம் அவளிடம் தணிந்த குரலில் பேசினார். “கோவிச்சுக்காதம்மா. அவங்க வந்துட்டுப் போற வரைக்குந்தான். என் பொண்ணு வாழ்க்க இதுல இருக்கு. எப்படியும் நெருப்புக்குத்தானே போவுது, எந்த மூஞ்சியா இருந்தா என்ன?”

அவள் தலையை ஆட்டினாள். ஒப்புக்கொண்டாள் என்று நினைத்து அவர் நகர்ந்தார். அவள் வீட்டுக்குள் போனாள், அடுக்களை வரைக்கும் போய் எதற்கு வந்தோம் என்று தெரியாமல் நின்றாள், திரும்பி வந்தாள், மறுபடி உள்ளே போனாள். மூன்றாம் முறை வெளியே வந்தபோது கையில் செம்பு நிறையத் தண்ணீர் இருந்தது. முந்தானையை நனைத்து அவன் நெற்றியில் வைத்தாள்.

ஒப்பாரி நின்றது. தப்பு அடித்துக்கொண்டிருந்தவர்களும் கையை நிறுத்தினார்கள். வைத்திலிங்கம் ஓடிவந்து செம்பைப் பிடித்துக்கொண்டார்.

“வேணாம் சசி.”

“போர்டுல இருக்குறவரு ஊருக்கு இருக்கட்டும் மாமா. அத நான் ஒண்ணும் சொல்லல. இவரு எங்க வூட்டு ஆளு.”

அவர் செம்பை விடவில்லை. அவளும் விடவில்லை. தண்ணீர் தளும்பி அவன் கழுத்துத் துணியில் சிந்தியது. அதுவரை அழாமல் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த மருதாயி கையை நீட்டினாள். மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை பழைய பச்சைக் கோலம், வெளுத்துச் சுருங்கிப் போயிருந்தது.

“செம்ப வுடுடா பெரியவனே” என்றாள். “வெவரம் தெரியாத வயசுல எனக்கு ரெண்டு ஆளு கையக் காலப் புடிச்சிக்கிட்டுக் குத்துனாங்க. வேணுமான்னு என்னைய ஒருத்தரும் கேக்கல. இவன் வேணும்னு குத்திக்கிட்டான். நீ தொடம்மா.”

மகனின் தலையை இரண்டு கையாலும் தாங்கிப் பிடித்துக்கொண்டாள். சசிகலா துடைத்தாள். சந்தனம் வழிந்து இறங்க இறங்கக் கோடுகள் ஒவ்வொன்றாக வந்தன. வலது கன்னத்தில் புதிதாகச் சிராய்ப்பு இருந்தது, அதை மட்டும் ஒற்றி எடுத்தாள். பந்தலுக்கு வெளியே பக்கத்து வீட்டு மதில் மேல் இளவட்டங்கள் ஏறி நின்று செல்போன்களை நீட்டிக்கொண்டிருந்தார்கள். அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

“எடுக்குறதுன்னா கிட்ட வந்து எடுங்கப்பா. ஒளிஞ்சி நின்னு எடுக்காதீங்க.”

இரண்டு பேர் குதித்து ஓடினார்கள். ஒருவன் நிஜமாகவே வந்தான். பெஞ்சுக்கு அருகில் நின்று ஒரு படம் எடுத்தான். எடுத்ததைப் பார்க்காமலே போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, தலையைக் குனிந்தபடி போனான்.

மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். மாலையை வாங்கிக்கொண்டு முன்னால் வந்த பெரியவர் முகத்தைப் பார்த்ததும் நின்றார். மாலையைக் காலடியில் வைத்தார். பின்வரிசை நாற்காலிகளில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார்கள். கொடுத்த டீயைக் குடிக்கவில்லை. எடுப்பதற்கு முன்பே கிளம்பிவிட்டார்கள். வைத்திலிங்கம் கார்வரை கூடவே போனார். திரும்பி வந்தபோது அவர் முகத்தைப் பார்க்கச் சசிகலாவுக்குத் தைரியம் வரவில்லை. பாடையில் வைத்துக் கட்டும்போது மணிவேலின் தலை ஒருபக்கமாகச் சாய்ந்தது. அவர்தான் குனிந்து நிமிர்த்தி வைத்தார். பிறகு கொள்ளிச் சட்டியை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தார்.

பெண்கள் தெருமுனையோடு நின்றுவிட்டார்கள். வீட்டைக் கழுவிவிட்டு, எல்லோரும் தலைக்கு ஊற்றிக்கொண்டார்கள். சசிகலாவுக்கு அப்போதும் உட்கார முடியவில்லை. ஈரத் தலையோடு வாடகை நாற்காலிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாள். அடுக்கியதைக் கலைத்து வேறு பக்கம் அடுக்கினாள். யாரோ கையைப் பிடித்து உட்காரச் சொன்னபோது உதறிவிட்டாள்.

பொழுது சாயும் நேரத்துக்கு மினி பஸ்ஸிலிருந்து ஒரு பெண் இறங்கி வந்தாள். இருபத்தைந்து வயது இருக்கலாம். துப்பட்டாவை வாய்வரை சுற்றியிருந்தாள். பந்தல் காலருகே வந்து, காலியான பெஞ்சைப் பார்த்துக்கொண்டு நின்றாள். தனியாக ஒரு பெண் இந்த வீட்டுக்கு எதற்கு வர வேண்டும், அவனுக்கும் இவளுக்கும் என்ன என்று பெண்களுக்குள் முணுமுணுப்பு எழுந்தது. அவள் வாய் திறந்ததும் சசிகலாவுக்குத் தெரிந்துவிட்டது. காலையில் போனில் கேட்ட குரல்.

பெயர் அனிதா மேரி, ஊர் வரதராஜன்பேட்டை, ஜெயங்கொண்டத்தில் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுக்கிறாளாம். மணிவேலைக் கம்ப்யூட்டர் வழியாகத்தான் பழக்கம். நேரில் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. பஸ் கிடைக்காமல் தாமதமாகிவிட்டது என்றாள். பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

“மொகத்த மூடிட்டாங்களாக்கா?”

“இல்ல. நல்லா தெரிஞ்சிது.”

அந்தப் பெண் தலையசைத்தாள். கண்ணைத் துடைத்துக்கொள்ளத் துப்பட்டாவை இறக்கினாள். சசிகலா அடுக்கியிருந்த நாற்காலிகளில் ஒன்றை எடுத்துப் போட்டு உட்காரச் சொன்னாள். அடுப்புப் பற்றவைக்காத வீடு. கடையிலிருந்து அப்போதுதான் கேனில் டீ வந்திருந்தது. யாரோ ஊற்றிக் கொண்டுவந்து கொடுத்த டம்ளரை அனிதா மேரி வாங்கினாள். உதட்டருகே கொண்டுபோனவள், ஆவி பட்டதும் முகத்தைச் சுளித்துக்கொண்டு கீழே இறக்கினாள்.

“நாக்குப் புண்ணு ஆறிடுச்சாம்மா?” என்று சசிகலா கேட்டாள்.

அவள் திடுக்கிட்டு நிமிர்ந்தாள். சுற்றி நின்ற பெண்களை ஒருமுறை பார்த்தாள். “முழுசா இன்னும் ஆறலக்கா. இந்த மாசந்தான் பெங்களூருல போயி செஞ்சிக்கிட்டேன். எங்க வூட்ல யாருக்கும் தெரியாது. எதத் திங்கலாம், எதத் திங்கக்கூடாதுன்னு தெனம் அண்ணன்தான் போன்ல சொல்லுவாரு.”

சசிகலா உள்ளே போய்க் காலி டம்ளர் ஒன்றை எடுத்துவந்தாள். அவள் கையிலிருந்த டீயை வாங்கிக்கொண்டு எதிரில் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். ஒரு கையை உயரத் தூக்கி, மற்றொரு கையைத் தாழ்த்தி, ஒரு சொட்டுச் சிந்தாமல் ஊற்றினாள். பெண்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் அவசரப்படவில்லை. ஆவி அடங்கும்வரை, மாற்றி மாற்றி ஆற்றிக்கொண்டிருந்தாள்.