பிங்கோவுக்குப் பூசிய தைலம்

2006 ஜூலையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பக்கத்து வீட்டு எமில்டா, வல்சிங்கம் மாதா கோயிலுக்கு யாத்திரை போனாள். நாயை என்னிடம் விட்டாள். லண்டன் இல்ஃபோர்டில் சீலைக்கடை நடத்துகிறவன் ஒரு நாயைப் பார்க்கமாட்டானா என்ற நம்பிக்கை.

"நித்தி அண்ணை, பிங்கோ தொடையைச் சொறிஞ்சு புண்ணாக்கி வைச்சிருக்கு. வெதுவெதுப்பான உப்புத் தண்ணியிலை துடைச்சுவிடுங்கோ, நக்க விடாதேங்கோ. வேறை ஒண்டும் பூசவேண்டாம்."

வேறொன்றும் வேண்டாம் என்கிறவர்களுக்குத்தான் நான் இரண்டாவது சீலையை விற்பது. ஒரு பவுண் காசளவு புண்ணுக்கு வெறும் உப்புத் தண்ணியா? தலையிடி, மூட்டுப்பிடிப்பு, நுளம்புக்கடி எல்லாவற்றுக்கும் எங்கள் வீட்டில் ஒரே தைலம்தான். அழுத்தித் தேய்த்தேன்.

பிங்கோ கத்திக்கொண்டு தோட்டத்தைச் சுற்றி ஓடியது. பிறகு குந்தியிருந்து பூசிய இடத்தை நக்கு நக்கென்று நக்கியது. வாயில் நுரை. துடைத்துவிட்டேன், நுரையை மட்டும்.

பின்னேரம் எமில்டா வந்தபோது புண் உள்ளங்கையளவு.

"ஐயோ, நான் மாத்தின ஷம்பூதான் ஒத்துவரேல்லைப் போல. என்ரை பிழை."

"இருக்கும்," என்றேன். இவ்வளவு மட்டமான சரக்கை நான் யாருக்கும் விற்றதில்லை.

பிங்கோ வாந்தி எடுத்தது. அவள் மிருக வைத்தியரின் அவசர நம்பருக்கு அடித்தாள்.

"அண்ணை, ஏதும் பூசினதோ எண்டு நேர்ஸ் கேக்கிறா. இல்லையெண்டு சொல்லட்டே?"

நாய் என் காலடியில் நடுங்கிக்கொண்டு நின்றது.

"தைலம்," என்றேன்.

"எவ்வளவு?"

"ஒரு சொட்டு."

போனைக் காதில் வைத்தபடியே என்னைப் பார்த்தாள்.

"ரெண்டு மூண்டு."

"அண்ணை!"

"கால் போத்தல்..."

"போத்தலைக் கொண்டாங்கோ."

கொண்டுவந்தேன். பாதிப் போத்தல் காலி.

கழுவிப்போட்டு உடனே கொண்டுவரச் சொன்னார்களாம். எமில்டா யாத்திரைச் சட்டையோடேயே குளியல் தொட்டிக்குள் முழந்தாளிட்டாள். பிடிக்கலாமென்று கையை நீட்டினேன். பிங்கோ வாலை ஒடுக்கிக்கொண்டு அவள் மடிக்குள் புகுந்தது.

"விடுங்கோ. கை தைலம் மணக்குது. நீங்கள் காரை எடுங்கோ."

பின் சீற்றில் நாயைத் துவாயால் சுற்றி அணைத்தபடி அவள் இருந்தாள். இரண்டு சிக்னல் தாண்டியதும் கேட்டாள்.

"தைலம் பூசினது தெரியாமல் செய்தது, விடுங்கோ. நான் என்ரை பிழையெண்டு என்னையே பேசிக்கொண்டு நிக்கேக்கை ஏன் பாத்துக்கொண்டு நிண்டனீங்கள்?"

கடையில் எந்தக் கேள்விக்கும் என்னிடம் மூன்று பதில் இருக்கும்.

"பயந்துபோனன், எமில்டா."

அவள் பிங்கோவின் வாயைத் துடைத்தாள்.

"அடுத்த இடது," என்றாள்.