ஆறு வார மருந்து

இறந்துபோன மருமகளின் சேலைகளை அம்மா இடுக்கியால் எடுத்துச் சாக்கில் திணித்துக்கொண்டிருந்தாள். கையில் ரப்பர் உறை. அடக்கம் முடிந்து ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. வீடெங்கும் பிளீச்சிங் பவுடர் நெடி. தையற்காரியான மகள், அண்ணி பெற்றுப்போட்ட பிள்ளையைத் தொட்டிலில் ஆட்டியபடி பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தட்டு, டம்ளர், சீப்பு, எல்லாம் குப்பைக்குப் போயாச்சு. இனிமே பயமில்ல" என்றாள் அம்மா.

அண்ணன் நாற்காலியில் சாய்ந்து, தன் வழக்கமான டம்ளரில் காபி குடித்துக்கொண்டிருந்தான். அந்த டம்ளரை யாரும் தூக்கிப் போடவில்லை. எச்.ஐ.வி.யை வீட்டுக்குக் கொண்டுவந்தவனே அவன்தான். கல்யாணத்துக்கு முன்பே தெரிந்திருந்தும் வாயைத் திறக்காத மகராசன். பழி ஓரிடம், பாவம் ஓரிடம்!

அண்ணிக்குக் கர்ப்பத்தின் மூன்றாம் மாதப் பரிசோதனையில்தான் தெரிந்தது. பிள்ளைக்கு வந்துவிடக் கூடாதே என்று அன்றிலிருந்து ஒருவேளைகூடத் தவறாமல் மாத்திரை போட்டாள். ஆஸ்பத்திரியில் அவள் கட்டிலை மட்டும் கக்கூஸ் ஓரமாகத் தள்ளினார்கள். பிரசவத்துக்குப் பின் ரத்தம் நிற்காமல் போனபோது, ஆயாவும் நர்சும் "நீ போ, நீ போ" என்று நின்றார்கள். டாக்டர் வருவதற்குள் விரிப்பு நனைந்து தரையில் சொட்டியது. தூ, அவர்களும் மனிதர்களா!

வேறொரு நர்ஸ்தான் பிள்ளைக்கு நோய் தொற்றாமலிருக்க முதல் வேளை மருந்து கொடுத்துவிட்டு, புதுப் பாட்டிலைத் தையற்காரியிடம் நீட்டினாள். "தெனம் ஒரு வேளை, ஆறு வாரம். ஒரு நாளும் விட்டுடாதம்மா. அவ பட்ட பாடு வீணாயிடும்."

இன்றைய வேளைக்கு நேரமாகியிருந்தது. தையற்காரி அலமாரியைத் திறந்தாள். காலி.

"அம்மா, இங்க இருந்த மருந்து எங்க?"

"அவ பையோட கொட்டிட்டேன்."

"அது பிள்ளை மருந்தும்மா!"

"எனக்கென்னடி தெரியும்?"

"நாளைக்கு வாங்கிக்கலாம், விடு" என்றான் அண்ணன்.

"சீ, நீயெல்லாம் ஒரு அப்பன்!"

தையற்காரி தெருமுனைக் குப்பைத்தொட்டியில் கையை முழங்கை வரை விட்டுத் துழாவினாள். மீன் செதில், அழுகிய பழம், யாரோ கொட்டிய சோறு. அடியில் அண்ணியின் பை. அதற்குள் சீல் உடையாத பாட்டிலும், உறை பிரிக்காத ஊசியில்லாச் சிரிஞ்சும் இருந்தன.

அம்மா வாசலில் மறித்தாள். "கழுவாம உள்ள வராதே!"

"கழுவுறேன். குப்பைய சோப்புப் போட்டுக் கழுவிடலாம். உங்கள எதப் போட்டுக் கழுவுறது?"

கையையும் பாட்டிலையும் இரண்டு முறை கழுவித் துடைத்தாள். நர்ஸ் சொன்ன அளவுக்கு மருந்தைச் சிரிஞ்சில் இழுத்து, பிள்ளையை மடியில் போட்டு, கன்னத்து ஓரமாகச் சொட்டுச் சொட்டாக விட்டாள்.

மருந்து இனிப்புப் போலிருக்கிறது. பிள்ளை சப்புக்கொட்டியது. பிறகு, இன்னும் வேண்டுமென்று வாயைத் திறந்தது.